மூலையைப் பிடிப்பவன்

தாளின் இரண்டு மூலை எனக்கு.
மற்ற இரண்டுக்கும் செங்கல்.
நடுவில் முழங்காலிட்டு
கரித்துண்டால் தேய்க்கிறாள் மர்த்தீன்.
ராத்திரி ஒன்றரை மணி,
புஸ்ஸி வீதி,
சாக்கடை மூடி.

சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான்.
நோட்டுக்கு அடியில் எட்டணாவை வைத்து
பென்சிலால் தேய்த்தால்
சிங்கம் எழுந்து வரும்.
அதை ஊருக்குச் செய்கிறாள்.
"வரைஞ்சா அது நான் பாத்த பாண்டிச்சேரி, கலியபெருமாள்.
இது, பாண்டிச்சேரி தானா வந்து படுத்துக்கறது"
என்றாள் முதல் நாள்.
எனக்கு அறுநூறு ரூபாய்.
நடுவில் ஒரு டீ.

நேரு வீதி ஷட்டர் வரிவரியாய் வந்தது,
பூட்டு இருந்த இடத்தில் ஒரு முண்டோடு.
மில் கேட்டில் தேய்க்கத் தேய்க்க
துரு உதிர்ந்து
தாளின் இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டது.
துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.
கடற்கரைப் பாறைதான் ஒத்துக்கொள்ளவில்லை.
ஈரத்தில் ஏழு தாள் கிழிந்தது.
எட்டாவதில்
கிழிசலே பாறை மாதிரி இருக்க
போதும் என்று சுருட்டினாள்.

கல்யாண ஜோடிகள் போட்டோவுக்கு
வரிசையில் நிற்கும் மஞ்சள் சுவரையும் விடவில்லை.
தாளில் ஏது மஞ்சள்?
பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர்,
இந்தப் பக்கம் ஒரு சுவர்,
இரண்டையும் தெருவிளக்கின் கீழ் விரித்து
எது எந்தப் பக்கம், சொல்லு என்றாள்.
பிறந்ததிலிருந்து தாண்டுகிற வாய்க்கால்.
தப்பாகச் சொன்னேன்.
இரண்டாவது தடவையும்.

குருசுக்குப்பத்தில் விடிந்துவிட்டது.
சந்தே கூடிவிட்டது எங்களைச் சுற்றி.
அளக்க வந்தீங்களா,
எத்தினி அடி போவுது,
எந்த ஆபீசு,
எங்க வூட்டுப் படியத் தொடாதீங்க, சொல்லிட்டேன்.
படியைத் தொட்டு முடித்திருந்தோம் அதற்குள்.
மர்த்தீன் தாளைத் தூக்கிக் காட்டினாள்:
சிமெண்ட் காயும் முன்
யாரோ மிதித்துப் போன பிஞ்சுக் கால்,
ஐந்து விரலும்.
கத்திக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
கூடையை இறக்கி வைத்தாள்.
"எங்க பிரதீபு காலு.
இப்ப பத்தாம் நம்பர் செருப்பு போடறான்."
அடுத்த படிக்கு
ஒரு செங்கல்லைத் தள்ளிவிட்டு
மூன்றாவது மூலையில் உட்கார்ந்துகொண்டாள்,
மீன் செதில் ஒட்டிய கையோடு.

போன வெள்ளிக்கிழமை துமா வீதியில் கண்காட்சி.
ஏசி. கண்ணாடிக் கோப்பைகள்.
தாள்களை ஒட்டவைத்து
கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தாள்.
ஊர் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது.
ஒருவர் மைக்கில்
நகரத்தின் ஆன்மா, நகரத்தின் ஆன்மா என்றார்.
எனக்கு அதைத் தேடத் தெரியவில்லை.
பழக்கதோஷம், மூலையைத்தான் பார்த்தேன்.

அங்கே
கரி படாமல் வெள்ளையாய் ஒரு கட்டைவிரல்.
லேத்தில் நுனி போன, என் இடது கட்டைவிரல்.
புஸ்ஸி வீதி மூலையில். மில் கேட் மூலையில்.
பாறையின் கிழிசல் ஓரத்தில் பாதி.
இத்தனை ராத்திரியும்
நான் அழுத்திய இடத்தில் மட்டும்
ஊர் விழவே இல்லை.

தோள்பை மாட்டிய ஓர் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார்.
"ஃபிரேம் போடறப்ப
இந்த வெள்ளைத் திட்டை வெட்டிடலாமே?"
மர்த்தீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"அத வெட்டுனா தாளு நகந்துடும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட்.
தாள் பெரியதாம், செங்கல் தாங்காதாம்,
இன்னோர் ஆளைக் கூட்டி வரச் சொன்னாள்.
அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன்.
ராத்திரி வேலை, ஐந்நூறு வாங்கித் தருகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.
அப்புறம் கேட்டாள்:
"ஒனக்கு எவ்ளோ?"